நிறைமதி காணாத வானம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஓர் இலக்கிய அமைப்புக்குப் பத்து ஆண்டுகள் என்பது சிறிய காலம் அன்று. ஆயினும் வியாழன் என்னும் கோள் கதிரவனை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 11.86 ஆண்டுகள் ஆகின்றன. அக்காலத்தை வியாழவட்டம் என்று தமிழ் வழங்குகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், இந்த இலக்கிய வட்டத்துக்கு வியாழனின் ஓர் அகவைகூட இன்னும் நிறையவில்லை. எனவே, நிறைவு விழாவில் நிறையாத ஒன்றைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. அந்த நிறையாத பொருள், வியாழனின் வானத்தில் உலவும் நிலவுகள்.

நிலவைப் பாடாத கவிஞர் உலகில் அரியர். ஒரே ஒரு நிலவு இத்தனை மொழிகளில் இத்தனை பாடல்களுக்கு இடம் தந்திருக்கிறது என்றால், பல நிலவுகள் உள்ள உலகில் கவிதை எப்படிப் பெருகும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. வியாழனைச் சுற்றி இதுவரை 95க்கும் மேற்பட்ட துணைக்கோள்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவ்வுலகைக் கற்பனை செய்யும் மனத்தில் முதலில் தோன்றும் காட்சி எதுவாக இருக்கும்? வானம் முழுதும் முழுமதிகள். ஒன்றன் அருகே ஒன்றாகப் பல வெள்ளித் தட்டுகள். இரவே இல்லாதபடி பொழியும் நிலவொளி. அழகிய காட்சிதான். ஆனால் அது பொய்க்காட்சி. உண்மையான வியாழ வானம் வேறு. அது இதனினும் வியப்பானது, இதனினும் துயரமானதும்கூட.

அந்த வானத்தைக் காண எங்கே நிற்பது என்பது முதற்கேள்வி. வியாழன் வளிக்கோள், கால் ஊன்ற அங்கே தரை இல்லை. மேலே அம்மோனியப் பனிமேகங்கள். அவற்றின் கீழே மேலும் மேலும் அடர்ந்து செல்லும் நீரகமும் ஈலியமும். 1995 டிசம்பர் 7ஆம் நாள் கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கலன் ஒன்று அந்த மேகங்களுக்குள் இறங்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் செய்தி அனுப்பிவிட்டு, அழுத்தத்திலும் வெப்பத்திலும் அழிந்தது. அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் கருவிகள் அதில் இருந்தன. படம் எடுக்கும் கருவி இல்லை. எனவே வியாழனின் மேகத்திலிருந்து அதன் நிலவுகளை அண்ணாந்து பார்த்த கண் இன்று வரை எதுவும் இல்லை. கணக்கின் துணைகொண்டுதான் அங்கே நிற்க வேண்டும். வியாழனின் நடுக்கோட்டின்மேல், மேகங்களின் உச்சியில், கறுத்த வானத்தின் கீழ் ஒருவர் மிதப்பதாகக் கொள்ளலாம்.

அவருடைய கண்ணுக்கு வட்டமாகத் தெளிவாகத் தெரியக்கூடிய பெரிய நிலவுகள் நான்கே: அயோ, யுரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ. 1610 ஜனவரியில் கலிலியோ தம் தொலைநோக்கியால் கண்டவை இவையே. 7ஆம் நாள் இரவில் மூன்று புள்ளிகளைக் கண்டார். 13ஆம் நாள் நான்காவதையும் கண்டார். ஏனைய துணைக்கோள்களில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. பல இலட்சம் கிலோமீட்டர்களுக்கு அப்பால் சுற்றுபவை. அவை வெறுங்கண்ணுக்கு விண்மீன் போன்ற புள்ளிகளாகவேனும் தெரிந்தால் பெரிது. பல தெரியவே மாட்டா. தொண்ணூற்றைந்து என்ற எண் ஏட்டில் பெரியது. வானத்தில் அது நான்காகச் சுருங்கிவிடுகிறது.

இனி, அந்நான்கும் எவ்வளவு பெரியனவாகத் தோன்றும்? வானத்தில் உருவின் அளவைப் பாகையாலும் கலையாலும் குறிப்பர். ஒரு பாகைக்கு அறுபது கலை. புவியிலிருந்து பார்க்கும்போது நிலவின் அகலம் சுமார் 31 கலை. கதிரவனின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவே. வியாழனின் மேகத்திலிருந்து பார்த்தால், தலைக்கு மேல் வரும் அயோ சுமார் 36 கலை அகலம் இருக்கும். அதாவது புவியின் நிலவைவிடச் சற்றே பெரியது. யுரோப்பாவும் கனிமீடும் ஒவ்வொன்றும் 18 கலை அளவில், புவி நிலவில் பாதிக்குச் சற்று மிகுதியாக இருக்கும். கலிஸ்டோ 9 கலையே.

இவற்றுள் யுரோப்பாவும் கனிமீடும் ஒரே அளவாகத் தோன்றுவது கருதத்தக்கது. கனிமீட்டின் விட்டம் சுமார் 5,268 கி.மீ.; கதிரவன் குடும்பத்திலேயே மிகப் பெரிய துணைக்கோள் அது; புதன் என்னும் கோளையும்விடப் பெரியது. யுரோப்பாவின் விட்டமோ சுமார் 3,122 கி.மீ. மட்டுமே. ஆனால் பெரியது தொலைவில் நிற்கிறது. சிறியது அருகில் நிற்கிறது. கண்ணுக்கு இரண்டும் சமம். நிறத்தால் மட்டுமே அவற்றைப் பிரித்தறியலாம். பனி போர்த்த யுரோப்பா வெளிறி ஒளிரும். கனிமீடு கருந்திட்டுகளுடன் மங்கியிருக்கும். அயோவோ கந்தகப் பூச்சால் மஞ்சள் படிந்தது. அதன் எரிமலைகளை 1979இல் வாயேஜர் 1 விண்கலம் எடுத்த படங்கள் காட்டிக்கொடுத்தன. புவியின் நிலவைப் போலவே இந்நான்கும் தம் கோளுக்கு ஒரே முகத்தையே எப்போதும் காட்டுபவை.

புவியில் எழும் நிலவு அடிவானத்தில் பெரிதாகவும், உச்சி ஏற ஏறச் சிறிதாகவும் தோன்றுகிறது. அது மனத்தின் மயக்கம். அளந்தால் அந்த வேறுபாடு இல்லை. வியாழனில் இதற்கு நேர்மாறானது நிகழ்கிறது. அது மயக்கமும் அன்று. வியாழன் பருத்த கோள். அதன் ஆரம் 71,000 கி.மீ.க்கும் மேல். அயோ அடிவானத்தில் இருக்கும்போது பார்ப்பவரிடமிருந்து சுமார் 4,15,000 கி.மீ. தொலைவிலும், உச்சியில் இருக்கும்போது சுமார் 3,50,000 கி.மீ. தொலைவிலும் இருக்கும். எனவே 30 கலை அகலத்துடன் எழும் அயோ, உச்சியை எட்டும்போது 36 கலையாக வளர்ந்திருக்கும். எழுந்து வரும் நிலவு உண்மையாகவே பெருக்கிறது. இதனை யாரும் புனைய வேண்டியதில்லை, கணக்கே சொல்கிறது.

ஒளியின் நிலை வேறு. வியாழன் கதிரவனிலிருந்து புவியைப்போல் 5.2 மடங்கு தொலைவில் உள்ளது. அங்கே கதிரவனின் அகலம் 6 கலை. அதன் ஒளி புவியில் விழுவதில் இருபத்தேழில் ஒரு பங்கு. நிலவுகள் இரவல் ஒளியால் வாழ்பவை. கொடுப்பவன் வறியவனாகும்போது இரவலரும் வறியராகின்றனர். அயோவின் தரை புவி நிலவின் தரையைவிடப் பல மடங்கு ஒளியைத் திருப்பி வீசக்கூடியது. அப்படியிருந்தும் அயோ தரும் வெளிச்சம், புவியின் முழுமதி தருவதில் ஏறத்தாழக் கால் பங்கே ஆகும். நான்கு நிலவுகளின் ஒளியையும் ஒன்றாகக் கூட்டினாலும் புவியின் ஒரே நிலவொளியில் பாதியை எட்டாது. இரவே இல்லாதபடி பொழியும் நிலவொளி என்ற கற்பனை இங்கே முதன்முதலாக உடைகிறது.

இனி அவற்றின் உலா. வியாழன் தன்னைத் தானே சுற்ற 10 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. ஐந்து மணி நேரம் பகல். ஐந்து மணி நேரம் இரவு. அயோ 13 மணி நேரத்துக்கு ஒருமுறை கிழக்கே எழும். தன் பாதையை அது 42½ மணி நேரத்தில் சுற்றி முடிப்பதால், எழும்போது மெல்லிய பிறையாக இருந்தது மறைவதற்குள் கண்ணெதிரே பருத்துவிடும். வளர்பிறை என்ற சொல்லுக்குப் புவியில் இரவுகளை எண்ண வேண்டும். அங்கே மணிகளை எண்ணினால் போதும்.

பெரிய நிலவுகளுக்கும் உள்ளே சில சிறு நிலவுகள் சுற்றுகின்றன. அமால்தியா அவற்றுள் ஒன்று. 1892இல் பர்னார்டு என்னும் வானியலார் கண்டறிந்தது. வடிவம் திரளாத பாறை, செந்நிறம். அது ஒருமுறை சுற்றிவர 12 மணி நேரம் ஆகும். கோளின் சுழற்சியோ 10 மணி. இரண்டும் ஏறத்தாழ ஒரே விரைவில் செல்வதால், அமால்தியா எழுந்து மறைய இருபது மணி நேரத்துக்கும் மேலாகும். அந்த ஒரே உலாவுக்குள் கதிரவன் இருமுறை எழுந்து மறைந்துவிடும். அதற்கும் உள்ளே உள்ள மீட்டிஸ், அட்ராஸ்டியா ஆகிய இரண்டும் ஏழு மணி நேரத்தில் சுற்றிவிடுபவை. கோளின் சுழற்சியையும் அவை முந்திச் செல்வதால், மேற்கில் எழுந்து கிழக்கில் மறையும். மேற்கே உதிக்கும் நிலவு என்று ஒருவர் எழுதினால் அதனைப் புவியில் உலக வழக்குக்கு மாறானது என்பர். வியாழனில் அது அன்றாட நிகழ்ச்சி.

இத்தனை நிலவுகளும் நடுக்கோட்டுக்கு நேர்மேலே ஒரே பாதையில் செல்கின்றன. எனவே அவை சந்தித்தே தீர வேண்டும். முழுமதிகள் ஒருநாள் வரிசையாக நின்றே தீர வேண்டும் என்று தோன்றும். இங்கேதான் அந்த வானத்தின் முதற்சட்டம் குறுக்கிடுகிறது. அயோ நான்கு முறை சுற்றும் காலத்தில் யுரோப்பா இரண்டு முறையும் கனிமீடு ஒரு முறையும் சுற்றுகின்றன. ஒன்றையொன்று ஈர்த்து ஈர்த்து இந்தத் தாளத்தில் அவை பூட்டப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இதன் காரணத்தை விளக்கினார். இந்தத் தாளத்தின் விளைவு ஒன்று உண்டு. யுரோப்பாவும் கனிமீடும் ஒரே திசையில் கூடும் ஒவ்வொரு முறையும் அயோ நேர் எதிர்த்திசையில், கோளுக்கு அப்பால் இருக்கும். அயோவும் யுரோப்பாவும் கூடினால் கனிமீடு செங்கோணத்தில் விலகி நிற்கும். இருவர் கூடலாம், மூவர் கூட முடியாது. மூன்று முழுமதிகள் அருகருகே நிற்கும் இரவு அந்த வானத்தில் என்றும் வராது.

மூன்று வேண்டா, ஒரு முழுமதியாவது நிற்குமா? இரண்டாம் சட்டம் இன்னும் கடுமையானது. நிலவு முழுமையடைய வேண்டுமானால் அது கதிரவனுக்கு நேர் எதிரே வர வேண்டும். புவியின் நிலவுக்கு இது எளிது. அதன் பாதை சுமார் ஐந்து பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான மாதங்களில் புவியின் நிழலுக்கு மேலோ கீழோ விலகிச் சென்று நிறைமதியாக ஒளிர்கிறது. சில வேளைகளில் மட்டுமே நிழலில் விழுகிறது. அதனையே சந்திர கிரகணம் என்கிறோம். வியாழனின் அச்சு மூன்று பாகை மட்டுமே சாய்ந்தது. அதன் நிழலோ மிகப் பெரியது. அந்த நிழலை விட்டு விலகிச் செல்ல அயோவுக்கும் யுரோப்பாவுக்கும் கனிமீட்டுக்கும் வழியே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும், தவறாமல், நிறைவை எட்டும் கணத்துக்கு முன்பே அவை நிழலில் புகுந்து விடுகின்றன. கண்ணுக்கு ஏறத்தாழ முழுமையாகத் தெரிந்துகொண்டிருந்த அயோ ஓரத்திலிருந்து கறுத்து மறையும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக இருளில் இருந்து, மறுபுறம் வெளிப்படும்போது தேயத் தொடங்கியிருக்கும். நிறைந்த முகத்தை அது ஒருபோதும் காட்டுவதில்லை. அங்கே பௌர்ணமியும் கிரகணமும் வேறல்ல.

வீணான மறைவும் அன்று அது. அயோ நிழலில் புகும் நேரங்களையும் வெளிப்படும் நேரங்களையும் பாரிசில் இருந்த டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஓலே ரோமர் நெடுங்காலம் குறித்துவந்தார். புவி வியாழனிடமிருந்து விலகிச் செல்லும் மாதங்களில் அந்நிகழ்ச்சிகள் கணித்த நேரத்துக்குப் பிந்தித் தெரிவதையும், நெருங்கி வரும் மாதங்களில் முந்தித் தெரிவதையும் கண்டார். ஒளி நொடியில் எங்கும் பரவுவதில்லை. அதற்கும் பயண நேரம் உண்டு என்று 1676இல் அவர் அறிவித்தார். ஒளியின் நடையை மாந்தர் அறிந்தது ஒரு நிலவின் ஒளியால் அன்று. அது மறைந்த மறைவால்.

நான்கனுள் உண்மையான நிறைமதி வாய்ப்பது ஒன்றுக்கு மட்டுமே. அது கலிஸ்டோ. மிகத் தொலைவில் இருப்பதால், வியாழனின் சிறு சாய்வே அதனை நிழலுக்கு மேலோ கீழோ தள்ளிவிடப் போதுமானது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நிழலில் விழுந்துவரும்; அடுத்த மூன்று ஆண்டுகள் நிழல் தீண்டாமல் முழுமையாக ஒளிரும். நால்வரில் மிகச் சிறியதாகத் தோன்றுவது அதுவே. மிக மங்கியதும் அதுவே. அருகில் இருந்து பெரிதாகத் தோன்றுபவர்க்கு மறுக்கப்பட்ட நிறைவு, ஒதுங்கி நிற்கும் மங்கலானவர்க்குக் கிட்டியிருக்கிறது. கவிஞர் பெருமக்கள் இதற்கு உரை வேண்டார்.

கதிரவன் மறைப்பிலும் அந்த வானம் வேறுபட்டது. நான்கு நிலவுகளும் 6 கலை அகலமுள்ள கதிரவனைவிடப் பெரியனவாகத் தோன்றுவதால், நான்கும் அதனை முழுமையாக மறைக்க வல்லவை. அந்த நிழல்கள் வியாழனின் மேகங்கள்மீது கரும்பொட்டுகளாக ஊர்வதைப் புவியிலிருந்தே தொலைநோக்கியால் காணலாம். 2015 ஜனவரி 24ஆம் நாள் மூன்று நிலவுகளின் நிழல்கள் ஒரே வேளையில் வியாழன்மீது விழுந்ததை ஹபிள் தொலைநோக்கி படமெடுத்தது. அவற்றுள் ஒன்று கலிஸ்டோவினுடையது; ஏனெனில் மற்ற மூன்றும் கூடுவதில்லை என்ற சட்டம் நிழலுக்கும் உண்டு. ஆனால் 36 கலை அகலமுள்ள அயோ 6 கலை அகலமுள்ள கதிரவனை மறைக்கும்போது ஒளிவளையம் எதுவும் தெரியாது. விளக்கைக் கையால் பொத்தியதுபோல் அது அணைந்துவிடும். மறைப்பின்போது கதிரவனைச் சுற்றிப் புவியில் தெரியும் அந்த வெண்முடி, நிலவும் கதிரவனும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தோன்றும் தற்செயலால் மண்ணுலகுக்குக் கிடைத்த கொடை.

மொழிக்கும் இதில் இடம் உண்டு. திங்கள் என்ற ஒரே சொல் தமிழில் நிலவையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும். நிலவு ஒன்றாக இருந்ததனால்தான் அப்படி ஒரு சொல் பிறக்க முடிந்தது. வியாழனில் ஒரு மொழி இருந்திருந்தால் அதன் மாதம் எது? அயோவின் திங்களுக்கு அவ்வுலகின் நாள்கள் ஏறத்தாழ நான்கு, யுரோப்பாவுக்கு எட்டு அல்லது ஒன்பது, கனிமீட்டுக்குப் பதினேழு, கலிஸ்டோவுக்கு நாற்பது. ஒரே வாழ்வை நான்கு கணக்குகளில் எண்ண வேண்டும். அங்கே நிலா என்று தனியாகச் சொன்னால் எந்த நிலா என்று கேட்பர். சொன்னவுடன் எல்லார் நெஞ்சிலும் ஒரே முகம் தோன்றும் சொல்லாக அது இருக்க முடியாது.

இவற்றால் பெறப்படுவது யாது? அறிவியல் கற்பனையின் சிறகை நறுக்குகிறது என்று கவிஞர்களில் சிலர் அஞ்சுவதுண்டு. வியாழனின் வானம் அந்த அச்சத்துக்கு மறுமொழி. உண்மையை அறியாத கற்பனை அங்கே செய்யக்கூடியது எண்ணிக்கையைப் பெருக்குவது ஒன்றே. ஒரு நிலவு அழகு என்றால் நூறு நிலவு நூறு மடங்கு அழகு என்று அது எழுதும். உண்மையை அறிந்த கற்பனைக்கோ, ஏற ஏறப் பெருக்கும் நிலவு கிடைக்கிறது. மேற்கே உதிக்கும் நிலவு கிடைக்கிறது. ஒருபோதும் கூடாத மூவர் கிடைக்கின்றனர். நிறைவின் வாயிலிலேயே இருளும் முகம் கிடைக்கிறது. யாரும் கருதாத கடைசி நிலவின் பௌர்ணமி கிடைக்கிறது. இவற்றுள் எதனையும் ஒருவர் தம் அறையில் அமர்ந்து புனைந்திருக்க முடியாது. கட்டுப்பாடு அழகுக்குப் பகை அன்று என்பதை யாப்பு அறிந்தவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வானத்துக்கும் தளை உண்டு. அதனை அறிந்து பாடுவதே அதற்குச் செய்யும் சிறப்பு.

இறுதியாக ஒரு காட்சி. வியாழன் ஒருமுறை சுற்றிவரும் கால அளவைத் தமிழகம் ஒரு விழாவாகவே கொண்டாடுகிறது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, வியாழன் சிம்மத்தில் இருக்க, மாசி முழுமதி மக நாளில் கூடும்போது, குடந்தையில் மகாமகம் நிகழ்கிறது. 2016 பிப்ரவரி 22ஆம் நாள் அது நிகழ்ந்தது. கதிரவன் கும்பத்தில், அதற்கு எதிரே சிம்மத்தில் முழுமதி, அதே சிம்மத்தில், முழுமதிக்கும் வெகு அப்பால், வியாழன். அன்றிரவு வியாழனின் மேகத்திலிருந்து ஒருவர் புவியைத் தேடியிருந்தால் என்ன கண்டிருப்பார்? புவி அப்போது கதிரவனுக்கு மிக அருகில், அதன் ஒளி வெள்ளத்துள் மூழ்கியிருக்கும். புவியும் அதன் நிலவும் தம் இருண்ட பக்கங்களையே வியாழனை நோக்கித் திருப்பியிருக்கும். குளக்கரையில் இலட்சக்கணக்கானோர் நிமிர்ந்து கண்ட அதே நிறைமதி, அங்கிருந்து நோக்குபவர்க்கு அமாவாசை.

ஒரே நிலவு, ஒரே இரவு. நிற்கும் இடத்தால் ஒருவர்க்கு நிறைவு, ஒருவர்க்கு இருள். நூறு நிலவுகளை நெருங்கிய உலகங்களுக்கும் எளிதில் வாய்க்காத நிறைமதி, ஒற்றை நிலவுள்ள இந்தச் சிறு புவிக்குத் திங்கள்தோறும் வாய்க்கிறது. அடுத்த மகாமகம் 2028இல் வரும். அதற்குள் இவ்வட்டமும் தன் முதல் வியாழவட்டத்தை நிறைவு செய்யட்டும். அதன் கவிஞர்கள் பாடும் நிலவுகள் மெய்யான நிலவுகளாக இருக்கட்டும்.